கதவை மூடினால் மட்டும் கசிந்த கேஸ்

“மேடம், சிலிண்டர் மறுபடி காலி ஆயிடுத்து.”

ஸ்ரீநாத்திடமிருந்து இந்த ஃபோன் வந்தபோது நான் பெங்களூர் இந்திராநகரில் ஒரு பப்பின் கவுண்டருக்கு அடியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் கவ்வியிருந்த டார்ச்சை எடுத்துவிட்டு, “எது காலி?” என்று கேட்டேன். எனக்கு நன்றாகக் காது கேட்டது. ஆனாலும் கேட்டேன். ஒன்பது நாள் முன்னால்தான் அவர் வீட்டில் லீக்கைச் சரி செய்துவிட்டு வந்திருந்தேன். ஆறு கிலோ சிலிண்டர். வீட்டு உபயோகத்துக்கு மூன்று நான்கு மாதம் வர வேண்டியது.

என் பெயர் பிலோமினா. கோலார் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி விவேக் நகர் வந்தவள். முதலில் சோடா மெஷின் கம்பெனி ஒன்றில் ரெகுலேட்டர் மாட்டும் வேலை. பெங்களூரில் பியரை அங்கேயே காய்ச்சி ஊற்றும் பப்புகள் வந்த பிறகு கேஸ் லைன், பியர் ஊற்றும் டேப், பியர் அடைக்கும் கெக் என்ற ஸ்டீல் பீப்பாய் எல்லாவற்றுக்கும் சர்வீஸ். மொத்தம் இருபத்தாறு வருஷம் ஆகிறது. சமீப வருஷங்களில் சிலர் வீட்டிலேயே பியர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். எங்கள் கம்பெனி அவர்களுக்கு கெக்கும் ஃபிட்டிங்ஸும் விற்றது. அதனால் அந்த வீடுகளின் லீக்கும் எங்கள் தலையில் விழுந்தது.

நான் சரியாகப் பார்த்த வேலைகள் எத்தனையோ உண்டு. இந்த லைனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதையெல்லாம் விட, நான் தப்பாகப் பார்த்த இந்த ஒரு வேலைதான் உபயோகப்படும்.

1. இரண்டு வாஷர்

ஸ்ரீநாத் சாஃப்ட்வேர்காரர். மல்லேஸ்வரத்தில் பழைய வீடு. மாடியில் அப்பா அம்மா. கீழே சமையலறைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் ரூம். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் எட்டிவிடும் போல இருக்கும். அங்கேதான் அவருடைய செட்டப். பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ். அதற்குள் இரண்டு ஸ்டீல் கெக். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அதன் தலையில் ரெகுலேட்டர். ரெகுலேட்டரிலிருந்து ஒரு ஹோஸ், ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் போட்ட ஓட்டை வழியாக உள்ளே போய் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு முனையிலும் டிஸ்கனெக்ட் என்று ஒரு பிளாஸ்டிக் மூடி. அதைக் கெக்கின் தலையில் அழுத்தினால் க்ளிக் என்று உட்கார்ந்துகொள்ளும்.

அந்த ரூமின் ஒரே ஜன்னலைத் தெர்மகோல் வைத்து, பிரவுன் டேப் ஒட்டி அடைத்திருந்தார்.

“இது எதுக்கு சார்?”

“பியருக்கு மால்ட் தானியம் கொதிக்கறப்போ வாசனை பக்கத்தாத்துக்குப் போறது. அப்பா அம்மாக்கு இது கொம்புச்சா மேடம், புளிக்க வெச்ச டீ. உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“லைசென்ஸ் கிய்சென்ஸ்?”

அவர் சிரித்தார். நானும் விட்டுவிட்டேன். நான் வந்தது லீக் பார்க்க. ஜன்னலும் லைசென்ஸும் என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

லீக் சுலபமாகவே கிடைத்தது. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் ஒரு வாஷர் இருக்க வேண்டும். நன்றாக டைட் ஆகட்டும் என்று அவர் இரண்டு போட்டிருந்தார். சோப்புத் தண்ணீர் அடித்ததும் நுரை பொங்கியது. பழையது இரண்டையும் எடுத்துவிட்டு ஒரு புது வாஷர் போட்டேன். நுரை நின்றது. பத்து நிமிஷ வேலை. அவர் கைகூப்பினார். நான் கொஞ்சம் மிதப்பாகவே பஸ் ஏறினேன்.

ஒரு லீக் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன். என் முதல் தப்பு இதுதான்.

2. பியர் குடித்த கேஸ்

இரண்டாவது தடவை போனபோது கெக் மூடி, ரிலீஃப் வால்வு, ஹோஸ் கிளாம்ப், டேப் என்று ஒன்று விடாமல் சோப்பு அடித்தேன். ஃப்ரிட்ஜ் கதவை விரியத் திறந்து வைத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.

அடுத்து ஹோல்ட் டெஸ்ட். காலி என்றாலும் சிலிண்டரில் கொஞ்சம் மிச்சம் இருந்த கேஸை லைனில் ஏற்றிவிட்டு வால்வை மூடி, ரெகுலேட்டர் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டேன். முள் இறங்கினால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். அரை மணி நேரத்தில் பன்னிரண்டிலிருந்து பத்துக்கு இறங்கியது.

“புது பியர் எப்ப ஊத்தினீங்க?”

“இன்னிக்குக் காலைலதான்.”

அப்படியென்றால் சரி என்று நினைத்தேன். புது பியர் கேஸை உறிஞ்சும். லீக் இல்லாமலேயே முள் இறங்கும். உண்மைதான். முறையாகச் செய்வதென்றால் இரண்டு கெக்கையும் கழற்றிவிட்டு லைனை மட்டும் தனியாக டெஸ்ட் பண்ண வேண்டும். அதற்குள் எங்கள் மேனேஜர் நாயக் சார் இரண்டு தடவை ஃபோன் பண்ணிவிட்டார். அடுத்த ஜாப் ஒயிட்ஃபீல்டில். நான் வேலைத் தாளில் எழுதினேன்: “லீக் இல்லை. பியர் கேஸை உறிஞ்சுகிறது.”

ஒரு கெக் பியர் உறிஞ்சுகிற கேஸ் மிஞ்சிப்போனால் நூற்றைம்பது கிராம். ஆறு கிலோ எங்கே போனது? பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கிற கேள்வி. அன்று என் தலையில் அது ஓடவில்லை.

கிளம்பும்போது சமையலறை வாசலில் காமாட்சி நின்றாள். அந்த வீட்டுச் சமையல்காரி. ஜீவனஹள்ளியிலிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து சாயந்திரம் திரும்புகிறவள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள்.

“ஏம்மா, அந்த ரூமுல கீறது இன்னா கேஸு? வாசன ஒண்ணும் வர்லியே.”

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னேன். “சமையல் கேஸ் இல்லக்கா. சோடாவுல போடுவாங்களே, அதுதான். பத்திக்காது. ஒண்ணும் ஆவாது.”

அவள் தலையை ஆட்டினாள். உள்ளங்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் போய்விட்டேன்.

3. மத்தியானம்

மறுநாள் காலையிலிருந்தே எனக்கு எதிலும் கை ஓடவில்லை. அதே இந்திராநகர் பப்பில் டேப் மாற்றிக்கொண்டிருந்தேன். ஸ்பேனரை வைத்த இடம் மறந்தது. போட்ட கிளாம்பையே மறுபடி கழற்றினேன். காலி சிலிண்டரைத் தூக்கி வெளியே வைக்கும்போதுதான் அந்தக் கணக்கு தலைக்குள் வந்து விழுந்தது. இந்தப் பப்பில் இத்தனை பேர் குடித்தும் ஒரு சிலிண்டர் இவ்வளவு நாள் வருகிறது. அந்த வீட்டில் இரண்டே கெக். ஒன்பது நாள்.

கூடவே காமாட்சி நெற்றியைத் தேய்த்ததும் கண்ணில் வந்து நின்றது. ஒன்றுமில்லாமல் ஒரு சமையல்காரி என்ன கேஸ் என்று ஏன் கேட்கிறாள்?

ஸ்ரீநாத்துக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது. மீட்டிங்கில் இருக்கிறாராம். காலையில் புது சிலிண்டர் வந்துவிட்டதாம். சீக்கிரம் கேஸ் ஏறட்டும் என்று பிரஷரை முப்பதில் வைத்துவிட்டு ஆபீஸ் வந்தாராம்.

பன்னிரண்டில் கசிந்தது முப்பதில் என்ன ஆகும்? அதுவும் ஃபுல் சிலிண்டர். “வீட்டுக்கு ஃபோன் பண்ணி சிலிண்டர் வால்வை மூடச் சொல்லுங்க” என்று பதில் அனுப்பினேன். டிக் நீலமாகவே மாறவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் எடுக்கவில்லை. வீட்டு நம்பர் என்னிடம் கிடையாது.

நாயக் சாரைக் கூப்பிட்டேன். “சார், மல்லேஸ்வரம் போயிட்டு வந்துடறேன்.”

“ஆ ஜாப் க்ளோஸ் ஆகிதெ பிலோ. நீவே க்ளோஸ் மாடித்து.” முடிந்த வேலை, நீங்கள்தானே முடித்தீர்கள் என்று கன்னடத்தில் சொன்னார்.

“நான் தப்பா க்ளோஸ் பண்ணிட்டேன் சார்.”

“மத்தே நாளெ நோடி. இவத்து பேடா.” நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்று வேண்டாம்.

“இல்ல சார். போறேன்” என்று சொல்லி கட் பண்ணினேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மெட்ரோவில் உட்கார இடம் இருந்தது. உட்கார முடியவில்லை. மெஜஸ்டிக்கில் ரயில் மாற எஸ்கலேட்டரில் நிற்காமல் ஏறினேன். ஒரு பெரியவர் “நிதானம்மா” என்றார். சம்பிகே ரோடு ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் ஃபோனை எடுத்து டிக்கைப் பார்த்தேன்.

கேட் தாழ் போடாமல் இருந்தது. பெல் அடித்தேன். யாரும் வரவில்லை. பெரியவர்கள் மாடியில் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். சமையலறைக் கதவு திறந்திருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. காமாட்சியைக் காணோம். ஸ்டோர் ரூம் கதவு சாத்தியிருந்தது.

“அக்கா!” என்று கூப்பிட்டுக்கொண்டே கதவைத் தள்ளினேன்.

ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் பாய் விரித்து அவள் படுத்திருந்தாள். முகம் சிவந்து வியர்த்திருந்தது. மூச்சு ஓடி வந்தவளைப் போல வாங்கியது. ஆனால் கண் மூடியிருந்தது. “அக்கா, அக்கா” என்று குனிந்தேன். சோடா குடித்து ஏப்பம் விட்டால் மூக்கில் சுருக்கென்று குத்துமே, அப்படிக் குத்தியது. எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகத் தேங்கும். நின்றவனுக்குத் தெரியாது. படுத்தவளுக்கு அதுதான் மூச்சு.

உடனே நிமிர்ந்து வெளியே வந்து ஒரு மூச்சு இழுத்தேன். அடக்கிக்கொண்டு உள்ளே போய், பாயின் தலைமாட்டைப் பிடித்துப் பாயோடு அவளை இழுத்தேன். வாசற்படியில் சிக்கியது. விட்டுவிட்டு வெளியே வந்து மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு போய், இந்தத் தடவை இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்தேன். சமையலறையைத் தாண்டி, துணி துவைக்கும் கல் பக்கம் கொண்டுவந்து கிடத்தினேன். மூன்றாவது தடவை மூச்சைப் பிடித்து உள்ளே போய்ச் சிலிண்டர் வால்வை மூடினேன். திரும்பி வெளியே வந்தேன். சத்தம் போட்டு மாடியில் இருந்தவர்களை எழுப்பினேன்.

பக்கத்து நர்ஸிங் ஹோமுக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். வழியிலேயே கண்ணைத் திறந்து, “தல பொளக்குது” என்றாள். அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் ஸ்ரீநாத்தின் அப்பாவிடம் சொன்னதை நானும் கேட்டேன். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

சாயந்திரம் அவள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டாள். நான் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தேன்.

“அங்க ஏங்க்கா படுக்கறீங்க?”

“வேற எங்க படுக்கறது? ஹால்ல பெரியவரு டிவி பாப்பாரு. மாடி அவங்களுது. அந்த ரூமு சில்லுனு இருக்கும். வெடிகால அஞ்சு மணிக்கு ஏந்துக்கறேன், ஒரு அர மணி நேரம் கண்ணு மூடுனாத்தான் சாயந்தர வேல ஓடும். கொஞ்ச நாளாவே தூங்கி ஏந்தா தல நோவு. வயசாவுதுன்னு நெனச்சேன்.”

நான் காபி டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.

“அதான் நேத்து உங்கள கேட்டேன். ஒண்ணும் ஆவாதுன்னீங்க. இன்னிக்கு நெம்மதியா கதவ சாத்திக்கினு படுத்தேன்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

4. ஃப்ரிட்ஜுக்குள் ஃபோன்

ஸ்ரீநாத் ஆபீஸிலிருந்து நேரே நர்ஸிங் ஹோமுக்கு ஓடி வந்தார். காமாட்சியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் சுவரில் சாய்ந்து நின்றார். “மேடம், எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடறேன். இன்னிக்கே.”

“போடுங்க. ஆனா எங்க லீக்குன்னு பார்த்துட்டுப் போடுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்.”

வீட்டுக்குப் போனோம். முதலில் ஜன்னல் தெர்மகோலைக் கிழித்தெறிந்தேன். மின்விசிறியை வாசலில் வைத்து நெடுநேரம் ஓட விட்டோம். பிறகு மால்ட் நிறுக்க அவர் வைத்திருந்த டிஜிட்டல் தராசின் மேல் சிலிண்டரை நிறுத்தினேன். முள்ளை நம்பி ஏமாந்தாயிற்று. எடை ஏமாற்றாது. கேஸ் போனால் எடை குறைந்தே ஆக வேண்டும்.

வால்வைத் திறந்தோம். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, முன்தினம் போலவே சோப்பு அடித்தேன். குமிழி இல்லை. கால் மணி நேரம் ஆகியும் எடை அசையவில்லை.

“இல்லியே மேடம்” என்றார் ஸ்ரீநாத்.

எனக்குப் பதற்றமாக இருந்தது. காலையில் போனது எப்படிப் போனது? ரூமுக்குள்ளும் வெளியிலுமாக நடந்தேன். ஃப்ரிட்ஜ் பீப் பீப் என்று கத்தியது. ரொம்ப நேரம் திறந்து கிடந்தால் கத்துவதற்கு அவர் ஒரு அலாரம் வைத்திருந்தார். சத்தம் தாங்காமல் கதவைச் சாத்தினேன்.

இரண்டு நிமிஷத்தில் ஸ்ரீநாத் கத்தினார். “மேடம், எடை எறங்கறது!”

தராசில் பத்துப் பத்து கிராமாகக் குறைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். நின்றது. மூடினேன். மறுபடி இறங்கியது.

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருபத்தாறு வருஷமாக நான் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துத்தான் லீக் பார்த்திருக்கிறேன். திறக்காமல் எப்படிப் பார்ப்பது? ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் நாள் முழுக்க மூடித்தான் இருந்தது.

ஜாயின்ட்டுகளில் கெட்டியாகச் சோப்பு அடித்து, என் ஃபோனை உள்ளே சாய்த்து வைத்து, டார்ச்சைப் போட்டு, வீடியோவை ஓட விட்டுக் கதவைச் சாத்தினேன். மூன்று நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தோம். கதவு மூடும் அந்த நொடியில், கதவின் உள்பக்கத் தட்டு வந்து முன் கெக்கின் ஹோஸை இடித்தது. ஹோஸ் சாய்ந்தது. அதோடு டிஸ்கனெக்ட்டும் ஒரு நூல் அளவு சாய்ந்தது. அதற்கடியிலிருந்து நுரை பால் பொங்குவது போல ஏறியது. கேஸ் ஃப்ரிட்ஜுக்குள் நிறைந்து, கதவு ரப்பர் இடுக்கு வழியாகவும் அடியில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாகவும் தரைக்கு இறங்கியிருக்கிறது.

“இந்தத் தட்டு எப்ப மாட்டினீங்க?”

“போன மாசம். கிளாஸ் வைக்கறதுக்கு.” அவர் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்தார். “கிளாஸ் வைக்கறதுக்கு மேடம்.”

5. வேலைத் தாள்

மறுநாள் நாயக் சார் என்னை உட்கார வைத்துப் பேசினார். கதவில் தட்டு மாட்டியது கஸ்டமர், பிரஷரை ஏற்றியது கஸ்டமர், ஜன்னலை அடைத்ததும் கஸ்டமர். “கஸ்டமர் தப்புன்னு பரீரி. முகிதுஹோகலி.” அப்படி எழுதிக் கொடுங்கள், முடிந்துபோகட்டும் என்றார். எனக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார்.

அவர் சொன்ன மூன்றையும் எழுதினேன். அதற்குக் கீழே நாலாவதாக, இரண்டாம் விசிட்டில் சர்வீஸ் செய்தவர் லைனைத் தனியாகச் சோதிக்காமல் லீக் இல்லை என்று எழுதினார், வீட்டில் இருந்தவர் கேட்டபோது ஆபத்து இல்லை என்று சொன்னார், அது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு கோப்பில் வைத்தார். இரண்டு வாரம் என்னைத் தனியாக எங்கும் அனுப்பவில்லை. நியாயம்தான்.

ஸ்ரீநாத் வீட்டில் விஷயத்தை மறைக்க வழியில்லாமல் போனது. அவர் அப்பா என்னிடமே கேட்டார். “ஏம்மா, கொம்புச்சாக்கு இவ்ளோ பெரிய சிலிண்டர் வேணுமோ?” நான் ஸ்ரீநாத்தைப் பார்த்தேன். ஸ்ரீநாத் தரையைப் பார்த்தார். பெரியவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த வாரமே ஃப்ரிட்ஜும் கெக்கும் வீட்டை விட்டுப் போயின.

காமாட்சி பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். வந்ததும் பெரியவரிடம் நேராகச் சொன்னாளாம்: “சாப்பாட்டுக்கு அப்புறம் நான் ஒரு மணி நேரம் படுக்கணும். முன் ரூமுல, ஃபேனுக்குக் கீழ. சரின்னா வர்றேன்.” சரி என்றார்கள். நான் ஒருநாள் பார்க்கப் போனபோது முன் ரூமில் கட்டில் போட்டிருந்தது. “இப்ப தல நோவுல்ல” என்றாள். காபி கொடுத்தாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று கேட்கத் தோன்றியது. அவளிடம் கேட்டால் நான் லேசாவேன், அவளுக்கு அதனால் என்ன? கேட்கவில்லை.

இந்த லைனுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். எந்த நிலையில் அந்தச் சாமான் வேலை செய்கிறதோ அந்த நிலையிலேயே வைத்துச் சோதியுங்கள். மூடி ஓடுவதை மூடிப் பாருங்கள். முள் சொல்வதை எடை போட்டுச் சரிபாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த ரூமில் மூச்சு விடுகிறவர் யார் என்று கேளுங்கள். வேலை கொடுத்தவருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

போன மாதம் கோரமங்களாவில் ஒரு பப். பேஸ்மென்ட்டில் கேஸ் ரூம். ஆறு சிலிண்டர், ஜன்னல் கிடையாது. லீக் இருக்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்று மேனேஜர் அவசரப்படுத்தினார்.

“இந்த ரூமுக்கு யார் யார் வருவாங்க?”

“யாரும் வரமாட்டாங்க மேடம். இது வெறும் சிலிண்டர் ரூம்.”

வாசலில் நின்றபடியே உள்ளே டார்ச் அடித்தேன். மூலையில் ஒரு பிளாஸ்டிக் சேர். பக்கத்து பிளக்கில் ஒரு ஃபோன் சார்ஜர், ஒயர் சுருட்டித் தொங்கியது.

“இது யாரோடது?”

அவர் எட்டிப் பார்த்தார். “அதுவா... பாத்திரம் கழுவறவர். சாப்பாட்டு டைம்ல வந்து உக்காருவார் போல.”

நான் பையைத் திறக்காமல் கீழே வைத்தேன். “முதல்ல அவரைக் கூப்பிடுங்க” என்றேன்.